ஸ்பார்க்ஸ்டேஷன் 5 கிடைத்திருக்கிறது: எழுப்புவது எப்படி? எழுப்பி என்ன செய்வது?

#1 மின்தறி (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் தெரிந்த கல்லூரி ஒன்றில் பழைய கணினிச் சாமான்களை எடைக்குப் போட்டார்கள். மானிட்டர் குவியலுக்கு அடியில் பீட்சா டப்பா மாதிரி தட்டையாக ஒரு பெட்டி. இழுத்துப் பார்த்தால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஸ்பார்க்ஸ்டேஷன் 5, தொண்ணூறுகளின் யூனிக்ஸ் கணினி. கிலோ கணக்கில் காசு கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். ஒரு டைப் 5 கீபோர்டும் மவுஸும் கூடவே வந்தன. மானிட்டர் இல்லை. வீடியோ வாய் 13டபிள்யூ3 ரகம், அதற்கான கேபிளும் என்னிடம் இல்லை.

உள்ளே 110 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்பார்க் 2 சிப், 64 எம்பி மெமரி. டிஸ்க் இருந்த இடம் காலி. கீபோர்டைக் கழற்றிவிட்டு சீரியல் கேபிளை மாட்டி, 9600 வேகத்தில் லேப்டாப்பில் பார்த்தேன். உயிர் இருக்கிறது! ஆனால் ஐடிப்ராமில் (இயந்திரத்தின் அடையாளம் இருக்கும் இடம்) இருப்பது செல்லாது என்கிறது, ஈத்தர்நெட் முகவரி முழுக்க எஃப் எஃப் என்று காட்டுகிறது, அப்புறம் ‘ஓகே’ என்று போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

இதை எப்படிச் சரிசெய்வது? சரிசெய்தால் இன்றைக்கு இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? இரண்டாவது கேள்வி வீட்டில் கேட்டது.

#2 உப்புக்காற்று (திருவான்மியூர்)

போர்டு நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். செத்திருப்பது ஒரு பேட்டரி மட்டும்தான். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

போர்டில் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், மற்றவற்றைவிட உயரமான 28 கால் சிப் ஒன்றைத் தேடுங்கள். மேலே பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும். எம்48டி08 என்று எழுதியிருந்தால் அதுதான். மெமரி, கடிகாரம், லித்தியம் பேட்டரி மூன்றையும் ஒரே சிப்பில் வைத்து மேலே எபாக்ஸி ஊற்றி மூடியிருப்பார்கள். இயந்திரத்தின் அடையாள எண், ஈத்தர்நெட் முகவரி, எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பது எல்லாம் அந்த மெமரியில்தான். பத்து வருடம் தாங்கும் என்று செய்த பேட்டரி முப்பது வருடம் கழித்து எப்படி இருக்கும்?

ஆன்லைனில் ‘புத்தம் புதியது’ என்று இதே சிப்பை விற்பார்கள். வாங்கும் முன் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். உங்களுடையது செத்த அதே காலத்தில் அலமாரியிலேயே செத்துப்போனதாகவும் இருக்கலாம்.

நான் செய்தது இது. சிப்பைக் கழற்றி, பேட்டரி இருக்கும் பக்கத்து எபாக்ஸியைச் சின்ன அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் கடிகாரத்தின் கிரிஸ்டல். பக்கம் மாறிவிட்டால் கடிகாரம் காலி, அதனால் அவசரப்படாதீர்கள். பளபளவென்று இரண்டு உலோகத் துண்டுகள் தெரியும்போது நிறுத்திவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூட இல்லை. பழைய பேட்டரிக்குப் போகும் இணைப்பை வெட்டிவிடுங்கள். வெட்டாமல் புதியதைச் சேர்த்தால் செத்தது புதியதையும் உறிஞ்சிவிடும். வெட்டிய பிறகு இரண்டு வயர் பற்றவைத்து, சிஆர்2032 ஹோல்டரோடு இணையுங்கள். பேட்டரியிலேயே நேரடியாக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஹோல்டர் இங்கே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், கோவையில் ஏதாவது எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டுப் பாருங்கள்.

தேய்க்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். எபாக்ஸித் தூள் நல்லதில்லை.

#3 கணக்கப்பிள்ளை

வீட்டில் கேட்டது நல்ல கேள்வி. நான் பதில் சொல்கிறேன்: இரும்புக்குப் பேரீச்சம்பழம்.

ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இதைவிடப் பல மடங்கு வேகம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உங்கள் பெட்டி குத்துமதிப்பாக 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். நமக்கு மின்வாரியம் இலவசமாகக் கொடுப்பதே 100 யூனிட்தான். மின்விசிறியை நிறுத்திவிட்டு யூனிக்ஸ் ஓட்டுவீர்களா?

#4 நீலப்பெட்டி (சான் ஹோசே)

கணக்கப்பிள்ளை சார், ராத்திரி பகல் ஓட்டச் சொன்னது யார்? என்னிடம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய யூனிக்ஸ் கணினிகள் இருக்கின்றன, இண்டி ஒன்றும் ஓ2 ஒன்றும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுவேன். வீணையை நாள் முழுக்க வாசிப்பார்களா என்ன?

மின்தறி, பேட்டரி போட்ட பிறகும் அதே பிழைதான் வரும், பயப்படாதீர்கள். மெமரி வெறுமையாக இருக்கும், கையால் நிரப்ப வேண்டும். அந்த ‘ஓகே’ சும்மா இல்லை, அது ஃபோர்த் என்ற நிரல் மொழியின் குரல். இயந்திரத்தை எழுப்புகிற ஃபர்ம்வேரான சன்னின் ஓப்பன்பூட் முழுக்க அந்த மொழிதான். பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ அதைத் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகு ஆப்பிளின் பவர்மேக்குகளும் அதே ரக ஃபர்ம்வேரில்தான் கண் விழித்தன.

நிரப்ப வேண்டியது மொத்தம் 16 பைட். முதல் பைட் 1. அடுத்தது இயந்திர வகை, உங்களுக்கு ஹெக்ஸில் 80. பிறகு ஆறு பைட் ஈத்தர்நெட் முகவரி, நாலு பைட் தேதி (பூஜ்யமாக விட்டால் போதும்), மூன்று பைட் வரிசை எண். கடைசி பைட் முன்னால் உள்ள 15 பைட்டையும் எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) செய்தால் வருவது. அது தப்பானால் திரும்பவும் ‘செல்லாது’ என்பான். மதிப்பு, இடம், எம்கேபி என்ற கட்டளை என்று ஒவ்வொரு பைட்டாக அடிக்க வேண்டும்.

சன்னின் முகவரி 08:00:20 என்று தொடங்கும். மீதி மூன்று பைட் உங்கள் இஷ்டம். உலகம் முழுக்க இந்த வேலை செய்பவர்கள் போடுவது சி0:எஃப்எஃப்:ஈஈ. சேர்த்துப் படித்தால் காஃபி.

#5 உப்புக்காற்று (திருவான்மியூர்)

கும்பகோணம் டிகிரி காபி என்று போட ஹெக்ஸில் எழுத்து பத்தாது 😄

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் இரண்டு சன் இருந்தால் இரண்டுக்கும் காபி கொடுக்காதீர்கள். ஒரே நெட்வொர்க்கில் ஒரே முகவரி இரண்டு இருந்தால் பாதி பாக்கெட் அங்கே, பாதி இங்கே என்று போகும். ஒரு நாள் முழுக்க கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

#6 மின்தறி (கோவை)

ஆயிற்று! அரத்தால் தேய்த்தது இரண்டு மணி நேரம், பற்றவைத்தது ஐந்து நிமிடம். கடைசி பைட்டைக் கையால் கணக்குப் போட்டு முதல் முறை தப்பு, இரண்டாம் முறை சரி. கரண்டைப் பிடுங்கி ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் போட்டேன், காபி அப்படியே இருக்கிறது.

நடுவில் ஒரு கூத்து. லேப்டாப்பிலிருந்து சீரியல் கேபிளை உருவியபோதெல்லாம் இயந்திரம் தானாக ‘ஓகே’வுக்குப் போய் நின்றுவிட்டது. பழுது என்று நினைத்துப் பயந்துவிட்டேன். கேபிள் பிடுங்கப்படுவதை பிரேக் சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறதாம்!

அடுத்தது டிஸ்க். உள்ளே ஸ்கஸி ரக டிஸ்க்குக்கான 80 முனை எஸ்சிஏ இணைப்பு. பழைய டிஸ்க் தேடுவதா?

#7 உப்புக்காற்று (திருவான்மியூர்)

வேண்டாம். கிடைக்கும் டிஸ்க்குகளும் நம் இயந்திரங்கள் வயதுதான், என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. புளூஸ்கஸி அல்லது ஜூலுஸ்கஸி வாங்கி, அதற்குள் ஒரு எஸ்டி கார்டைப் போடுங்கள். ஸ்கஸி டிஸ்க் மாதிரியே நடிக்கும். 50 முனையிலிருந்து எஸ்சிஏவுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று தனியாக வேண்டும். சத்தமும் போய்விடும், சூடும் குறையும். எஸ்டி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டு பேக்கப் எடுத்துக்கொள்ளலாம், இந்த வசதி அந்தக் காலத்து ஆட்களுக்கே கிடையாது.

அது வரும் வரை நெட்வொர்க்கிலிருந்து பூட் செய்யுங்கள். ஈத்தர்நெட்டில் கத்தி ‘நான் யார்?’ என்று கேட்கும், ஆர்ஏஆர்பி என்ற நெறிமுறை வழியாக ஐபி முகவரியைச் சொல்ல வேண்டும். பிறகு டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஒரு கோப்பைக் கேட்கும். கோப்பின் பெயர்தான் வேடிக்கை: ஐபியை ஹெக்ஸில் எழுத வேண்டும். 192.168.1.20 கொடுத்தால் சி0ஏ80114, பின்னால் ஒரு புள்ளி வைத்து சன்4எம் (இந்த இயந்திரக் குடும்பத்தின் பெயர்). எழுத்தெல்லாம் பெரிய எழுத்து. நான் சின்ன எழுத்தில் வைத்துவிட்டு மூன்று நாள் முழித்தேன்.

எதை ஏற்றுவது என்றால் இரண்டு வழி. அந்தக் காலத்து வாசனை வேண்டுமானால் சன்னின் சொந்த யூனிக்ஸான சோலாரிஸ். 9 வரைதான் இந்த இயந்திரத்தில் ஏறும், 2005-இல் வந்த 10-க்கு 64 பிட் அல்ட்ராஸ்பார்க் வேண்டும். இன்றைய மென்பொருள் வேண்டுமானால் யூனிக்ஸ் ரகத்து இலவச இயங்குதளமான நெட்பிஎஸ்டி. 2024-இல் வந்த பதிப்பு 10 கூட இதில் ஓடும். ஓப்பன்பிஎஸ்டி 2016-இலேயே 32 பிட் ஸ்பார்க்கைக் கைவிட்டுவிட்டது.

நான் நெட்பிஎஸ்டி கட்சி. 2038 ஜனவரியில் 32 பிட் கடிகாரம் நிரம்பி வழியும்போதும் அது நிற்காது, 2012-இலேயே நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேட்டரிதான் அதற்குள் இன்னொரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

#8 கணக்கப்பிள்ளை

சரி, எழுப்பியாயிற்று. இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வீணை உவமை பதில் ஆகாது.

#9 ரைன்கரை (ஜெர்மனி)

நான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரன், இங்கே ஒரு வேதியியல் ஆய்வுகூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பழைய யூனிக்ஸ் எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, தினப்படி வேலை.

எங்களிடம் தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய என்எம்ஆர் கருவி (மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தால் அறிகிற கருவி) ஒன்று உண்டு. ப்ரூக்கர் நிறுவனத்தினது. அதை இயக்குகிறது சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஓ2, மென்பொருள் எக்ஸ்வின்-என்எம்ஆர். கருவியின் இதயம் அதிகடத்திக் காந்தம். திரவ ஹீலியமும் நைட்ரஜனும் நேரத்துக்கு ஊற்றினால் அது பல பத்து வருடம் அசையாமல் நிற்கும். ஆனால் அந்தக் காந்தத்தோடு கதைக்கிற மின்னணுப் பெட்டிக்கு ஓ2-வின் மொழி மட்டும்தான் விளங்கும். கொம்பியூட்டரை மட்டும் மாற்ற ஏலாது, மாற்றினால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். அதற்கான விலையைக் கேட்டால் பேராசிரியர் கோப்பைத் தண்ணீர் குடிப்பார்.

ஆகவே அலமாரியில் உதிரியாக இரண்டு ஓ2 வைத்திருக்கிறேன். ஒன்றைத் திறக்கும்போதே பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடைந்தது, வயது அப்படி. உள்ளே எல்லாம் சரி. டிஸ்க்கின் பிரதி மூன்று இடத்தில் இருக்கிறது. மாணவர்களுக்கு அந்தப் பெட்டியின் பெயர் ‘தாத்தா’ (ஜெர்மன் மொழியில்தான் கூப்பிடுவார்கள்). தாத்தா எடுத்துக் கொடுக்கிற நிறமாலையை வைத்துத்தான் ஆய்வேடு எழுதுகிறார்கள்.

வேரியன் நிறுவனத்தின் என்எம்ஆர் கருவிகளுக்கு இதே கதை சன் இயந்திரங்களோடு. தம்பி மின்தறி, உங்களுடைய பெட்டியின் உறவுக்காரர்கள் இன்னமும் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்.

#10 கணக்கப்பிள்ளை

இது பதில். ஆனால் மின்தறி வீட்டில் காந்தம் இல்லையே?

#11 பைட்வரிசை (பெங்களூரு)

காந்தம் இல்லாதவன் பேசுகிறேன். நான் சி மொழியில் எழுதிப் பிழைப்பவன். மேசைக்கு அடியில் ஸ்பார்க்ஸ்டேஷன் வைத்திருப்பது ஒரு காரணத்துக்காக: அது சலுகை காட்டாது.

ஒரு கோப்பைப் படிக்கும் நிரல் எழுதியிருந்தேன். தலைப்பகுதியில் ஐந்து பைட் தள்ளி, நாலு பைட்டில் பதிவுகளின் எண்ணிக்கை. பாயிண்டரை அங்கே நிறுத்தி ஒரு முழு எண்ணாகப் படித்தேன். பிசியில் இரண்டு வருடம் ஓடிய நிரல். ஸ்பார்க்கில் கம்பைல் செய்து ஓட்டிய முதல் நொடியில் ‘பஸ் எரர்’ என்று விழுந்தது. நாலு பைட் எண் நாலால் வகுபடும் முகவரியில்தான் இருக்க வேண்டும் என்பது ஸ்பார்க்கின் சட்டம். இன்டெல் சிப் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், இது விடாது.

அதைத் திருத்தினேன். இப்போது விழவில்லை, ஆனால் ஒரே ஒரு பதிவு உள்ள கோப்பில் 1,67,77,216 பதிவுகள் இருப்பதாகச் சொன்னது. பைட்டுகள் தலைகீழ். ஸ்பார்க் பெரிய முனையை முதலில் வைக்கும், நம் பிசிக்கள் சின்ன முனையை. பிசியில் எழுதிய 1, இங்கே ஒரு கோடியே சொச்சம்.

இதில் தமிழும் மாட்டியது. அதே கோப்பில் பெயர்களை யூடிஎஃப்-16-இல் (ஒரு தமிழ்க் குறிக்கு இரண்டு பைட்), பைட் வரிசையைச் சொல்லும் குறி வைக்காமல் எழுதியிருந்தேன். ‘அ’வுக்கு யூனிகோடில் எண் 0பி85. பைட் புரண்டால் 850பி, அது ஒரு சீன எழுத்து. ‘ம’ புரண்டால் கொரிய எழுத்து. ஆக ‘அம்மா’ என்ற சொல் சீனத்தில் தொடங்கிக் கொரியாவில் போய் முடிந்தது.

ஒரு மாலை நேரம், மூன்று பிழை. மின்சாரச் செலவைக் கழித்தாலும் லாபம்தான்.

#12 கணக்கப்பிள்ளை

இதையெல்லாம் கியூஇஎம்யூ என்ற எமுலேட்டரில் செய்யலாமே? ஸ்பார்க்ஸ்டேஷன் 5-ஐ அப்படியே நடிக்கும், சோலாரிஸே ஏறும். பரணில் இடமும் மிச்சம்.

#13 பைட்வரிசை (பெங்களூரு)

செய்யலாம், நானும் ரயிலில் போகும்போது அதைத்தான் ஓட்டுகிறேன். மறுக்கவில்லை. ஆனால் நடிப்பு தப்பா, என் நிரல் தப்பா என்ற சந்தேகம் வரும்போது கை நிஜப் பெட்டியைத்தான் தேடுகிறது. எமுலேட்டர் எழுதுபவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிஜப் பெட்டி யாரிடமாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா?

#14 நீலப்பெட்டி (சான் ஹோசே)

என் ஓ2 செய்த ஒரே உருப்படியான வேலையைச் சொல்கிறேன். ஊரிலிருந்து அத்தை கல்யாண விஎச்எஸ் கேசட் வந்தது. கடையில் வாங்கிய யூஎஸ்பி டப்பா, டேப் கொஞ்சம் இழுபட்டாலும் ஒலியும் படமும் விலகி, மாப்பிள்ளை தாலி கட்டிய பிறகு கெட்டிமேளம் கேட்கும்படி பதிவு செய்தது. ஓ2-வில் வீடியோ அட்டை உண்டு, அனலாக் படத்தை உள்ளே வாங்கி வன்பொருளிலேயே ஜேபெக் ஆகச் சுருக்கும். நம் ஊர் டிவியின் பிஏஎல் முறையும் அதற்குத் தெரியும். மூன்று மணி நேரக் கல்யாணத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து, 100 மெகாபிட் ஈத்தர்நெட்டில் லினக்ஸுக்கு அனுப்பித் தைத்தேன். மேளமும் தாலியும் ஒன்றாக வந்தன. அத்தை அழுதுவிட்டார் (மாமாவைப் பார்த்தா, படத்தைப் பார்த்தா என்று கேட்கவில்லை).

மின்தறிக்கு ஒரு குறிப்பு. ஸ்பார்க்கில் ஓடும் நிரலின் ஜன்னலை உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் காட்ட முயன்றால் இப்போது கதவு சாத்தப்பட்டிருக்கும். பைட்வரிசை சொன்ன அதே தலைகீழ் சமாச்சாரம்தான். பைட் வரிசை மாறிய நிரல்களை 2023-இலிருந்து புதிய எக்ஸ்வேலேண்ட் (லினக்ஸில் அந்த ஜன்னல்களைக் காட்டும் நிரல்) இயல்பாகவே உள்ளே விடுவதில்லை. பாதுகாப்புக்காகச் செய்தது, குறை சொல்ல முடியாது. கூட்டல் குறி போட்டு ‘பைட்ஸ்வாப்ட்கிளையன்ட்ஸ்’ என்று ஒரு விருப்பம் கொடுத்து அதைத் தொடங்கினால் திறக்கும்.

எதிர்த்திசையும் நடக்கும். லினக்ஸில் பழைய ஜிடிகே2 எடிட்டர் ஒன்றை ஓட்டி, ஜன்னலை என் இண்டியில் திறந்து தமிழ் அடித்திருக்கிறேன். 1993-இல் வந்த இண்டிக்கு யூனிகோடு தமிழ் எங்கே தெரியும்? எழுத்தைச் சேர்க்கிற வேலையெல்லாம் லினக்ஸ் பக்கம், இண்டிக்குப் போவது வெறும் படம். ‘கொ’ அடித்தால் கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றன. அடித்த எழுத்து திரைக்கு வர ஒரு மூச்சு ஆகும், அவ்வளவுதான்.

#15 உப்புக்காற்று (திருவான்மியூர்)

கடைசியாக ஒன்று, மறக்காதீர்கள். இவற்றை இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். பழைய சோலாரிஸிலும் சிலிக்கான் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸிலும் இருக்கும் ஓட்டைகளை அடைக்க இனி ஆள் கிடையாது. ஐரிக்ஸின் கடைசிப் பதிப்பே 2006-இல் வந்ததுதான். நான் முன்னால் ஒரு ராஸ்ப்பெர்ரி பையைக் காவலுக்கு வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பைக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி), பையிலிருந்து சன்னுக்குச் சீரியல். புதிய எஸ்எஸ்எச் பழைய இயந்திரத்தின் சாவிகளை ஏற்காமல் சண்டை போடும் தொல்லையும் இதில் இல்லை.

கணக்கப்பிள்ளை, பார்த்தீர்களா, உங்கள் பைக்கும் வேலை கொடுத்துவிட்டோம்.

#16 மின்தறி (கோவை)

நெட்பிஎஸ்டி ஏறிவிட்டது! புளூஸ்கஸியும் வந்து சேர்ந்தது. எஸ்எஸ்எச்சில் நுழைய ஒரு வாய் டீ குடிக்கும் நேரம் ஆகிறது, ஆனால் நுழைகிறது. பையன் கல்லூரியில் சி படிக்கிறான், அவனுடைய லேப் நிரலைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். பஸ் எரர். முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது ராத்திரி அவன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

13டபிள்யூ3 அடாப்டர் வாங்கி மானிட்டரும் மாட்டியாயிற்று. ஒரே குறை மவுஸ். அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் அம்பு அசையவே மாட்டேன் என்கிறது. துணி, காகிதம், மேசை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

#17 உப்புக்காற்று (திருவான்மியூர்)

மவுஸ் பழுதில்லை. சன்னின் பழைய ஆப்டிகல் மவுஸ் அதற்கென்றே செய்த உலோகத் தட்டில்தான் ஓடும். கண்ணாடி மாதிரி பளபளப்பு, மேலே பொடிப்பொடியாகக் கட்டம் கட்டமாகக் கோடுகள். அந்தக் கோடுகளை எண்ணித்தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று அதற்குத் தெரியும். தட்டு மட்டும் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

#18 கணக்கப்பிள்ளை

நோட்டுப் புத்தக அளவில், சாம்பல் நிறத்தில், சாய்த்துப் பார்த்தால் கோடு மின்னுமே, அந்தத் தட்டா?

#19 உப்புக்காற்று (திருவான்மியூர்)

அதேதான்! உங்களுக்கு எப்படித் தெரியும்?

#20 கணக்கப்பிள்ளை

1996-இல் என் முதல் வேலையில் சன் ஒன்று கொடுத்தார்கள். ஆபீஸ் காலி செய்தபோது தட்டு மட்டும் பையோடு வந்துவிட்டது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் சாம்பார் பாத்திரம் அதன் மேல்தான் இறங்குகிறது. ஒரு மூலையில் லேசாகக் கருகியிருக்கும், நடுவில் கோடுகள் அப்படியே இருக்கின்றன.

மின்தறி, முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். கூரியர் செலவு உங்களுடையது.